பட்டும் படமும்: பிணைத்துப் படமெடுக்கும் மென்பொருளைத் தெரிதல்

காஞ்சிமாநகரின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலை வேளையில் நடப்போர்க்குத் தறியின் ஓசை வீட்டுக்கு வீடு கேட்கும். அதனூடே, "பழைய பட்டுச்சேலை இருக்கா?" என்று கூவிச் செல்லும் வணிகரின் குரலும் சில நாட்களில் கேட்கும். இவர் அச்சேலைகளை உடுப்பார்க்கு விற்பதற்காக வாங்குவாரல்லர். கரையிலும் முந்தியிலும் ஓடும் ஜரிகையே இவர் வேண்டுவது. பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசிய பழைய ஜரிகையை நெருப்பிலிட்டால், பட்டு சாம்பலாய்ப் போக வெள்ளி எஞ்சும். அவ்வெள்ளிக்குரிய விலையில் ஒரு பங்கு சேலைக்கு உரியவர் கைக்கு வந்து சேரும். சேலையோடு அதில் நெய்திருந்த யாளியும் அன்னமும் தாழம்பூ ரேகையும் அன்றே மறையும்.

கடந்த ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் நால்வர், நெசவுத் தொழிற்சொற்களைத் தொகுக்கக் கருதி அத்தெருக்களுக்குச் சென்றோம். பாவு, ஊடை, விழுது, நாடா என்பன எங்கும் வழங்குவன. கோர்வை, பேட்னி என்பன காஞ்சிக்குச் சிறந்தன. கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு ஊடை ஓட்டி, இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்வது கோர்வை. உடலின் பாவிழைகளோடு முந்திக்குரிய வேறு நிறப் பாவிழைகளை இணைப்பது பேட்னி. இவற்றை ஒருவாறு சொல்லால் விளக்கிவிடலாம். ஆனால் மயில்கண்ணுக்கும் ருத்திராட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் எழுத முயன்று மூன்று நாளில் தோற்றோம். படம் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நான்காம் நாள், எழுபது கடந்த நெசவாளர் ஒருவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து, தம் தாயார் மணநாளில் உடுத்த சேலையை எமக்குக் காட்டினார். நிறம் சற்று மங்கியிருந்தது, ஜரிகை மங்கவில்லை. இரவலாகக் கொண்டு சென்றிருந்த கேமராவால் இருபது படங்கள் எடுத்தோம். கருவியின் முதுகிலுள்ள மூன்றங்குலத் திரையில் அவை யாவும் அழகாகவே தோன்றின. நன்றி கூறி மீண்டோம். விடுதிக்கு வந்து மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எம் அறியாமை வெளிப்பட்டது. கூர்மை கரையில் விழாமல் அதற்கு ஒரு சாண் முன்னிருந்த மடிப்பில் விழுந்திருந்தது. ஜரிகை ஒளி மிகுந்து வெறும் வெண்கோடாய் நின்றது. அதனுள் இருந்த உருவம் ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் செல்லப் பன்னிரண்டு நாட்களாயின. அதற்குள் சேலை போய்விட்டது.

"பேத்திக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்தது, தம்பி" என்றார் பெரியவர். அவரைக் குறை கூற யாம் யார்? பணம் கட்டும் நாள் நெருங்கும்போது வீட்டில் உண்டாகும் முகவாட்டத்தை யாமும் கண்டு வளர்ந்தவரே. அன்று மாலை பேருந்தில் திரும்புகையில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து: எடுத்த படம் நன்றோ அன்றோ என்பதைப் பொருள் கண்முன் இருக்கும்போதே அறிவது எங்ஙனம்?

கேமராவை வடத்தால் மடிக்கணினியோடு பிணைத்துவிட்டால், எடுக்கும் ஒவ்வொரு படமும் உடனே கணினிக்கு வந்து அதன் பெருந்திரையில் நிற்கும். கணினியிலிருந்தே கூர்மையையும் ஒளியளவையும் மாற்றலாம். கேமராவைத் தொடாமலே படமெடுக்கலாம். தொழில்முறைப் படக்காரர் இதனை டெதரிங் என்பர். மாட்டைக் கயிற்றால் முளையில் கட்டுதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் சொல்லே அது. இவ்வாறு பிணைத்தற்கு வடம் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள் ஒன்றும் வேண்டும். அதனைத் தெரிவதிலேதான் இடர்ப்பாடு. விலைக்கு விற்பனவும் விலையின்றிக் கிடைப்பனவுமாகப் பல உள. ஒவ்வொன்றையும் புகழ்வோரும் பலர் உளர். புகழ்வோரைக் கேட்டு எமக்கு ஏற்றதை அறிதல் இயலாதென்பதைச் சில நாட்களில் உணர்ந்தோம். எடுக்கப்படும் பொருள் யாது, அப்படத்தை நாளை ஆள்பவர் யார் என்பவற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஈண்டுப் பொருள் காஞ்சிப் பட்டு, ஆள்பவர் நெசவாளர்.

எடுத்த படத்தை உடனே காண இயலாமை நெடுங்கால வழக்கு. 1858-ஆம் ஆண்டில் தஞ்சையிலும் மதுரையிலும் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய தாளில் பதிந்ததைப் பக்குவம் செய்த பின்னரே தாம் பெற்றது இன்னதென அறிந்தார். ஆயினும் கற்கோயில் நின்ற இடத்தில் நிற்பது. இக்காஞ்சியிலேயே கைலாசநாதர் கோயிற் பல்லவ ஓவியங்கள் எட்டாம் நூற்றாண்டு தொட்டுச் சுவரில் இருந்தமையால்தான், 1931-இல் ழுவோ துப்ரேய் அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவிக்க முடிந்தது. சேலை அவ்வாறு காத்திராது. செப்புத் திருமேனிகளும் காத்திருப்பதில்லை. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தை அடைந்த நடராசர் 2014-இல் இந்தியாவுக்கு மீண்டார். அவர் இன்ன ஊர்க்கு உரியவர் என நிறுவ உதவியவற்றுள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்துப் பெயரிட்டு வைத்திருந்த படமும் ஒன்று. எரிந்த சேலையை எப்படமும் மீட்டுத் தராதுதான். ஆனால் அதன் கரையை மீண்டும் நெய்ய உதவும். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, பழஞ்சேலைகளின் கரைகளையும் நிறங்களையும் பார்த்து அவற்றை மீண்டும் நெய்யச் செய்தார். அவர் பார்ப்பதற்குச் சேலைகள் இருந்தன.

நிற்க. பட்டு எமக்கு இட்ட கட்டளைகள் இவை. சேலையின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். எமக்குக் கிடைத்த கேமரா 2013-இல் வெளிவந்த கேனான் 700டி. அதன் படம் நீளவாக்கில் 5184 புள்ளி கொண்டது. சேலையின் முழு அகலத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கும். உருவம் தெரியும், இழை தெரியாது. 20 சென்டிமீட்டரை மட்டும் நெருங்கி எடுத்தால் மில்லிமீட்டருக்கு 26 புள்ளியாகும். அப்போது இழைகளை எண்ணலாம். நெசவாளர் அதனைப் பார்த்துக் கட்டத்தாளில் ஏற்றலாம். ஆகவே முழுமைக்கு ஒரு படமும், கரை, உடல், முந்தி, கோர்வை, பேட்னி எனப் பகுதிதோறும் சில படங்களும் வேண்டியவாயின. அவ்வளவு நெருங்கி எடுக்கும்போது கூர்மை விழும் ஆழம் மிகக் குறைவு. துணி ஓரிடத்தில் சற்று எழும்பினாலும் அவ்விடம் கலங்கும். இன்னும், நெருங்கிய நெசவும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சேலையில் இல்லாத அலைக்கோடுகளைச் சில வேளை படத்தில் தோற்றுவிக்கும். சிறு திரையை நம்பினால் இவை பிடிபடா. நூறு விழுக்காட்டுப் பெருக்கத்தில் விரைந்து காட்டுதல் மென்பொருளின் முதற்கடன் என்று குறித்துக்கொண்டோம்.

ஜரிகையோ ஒளியை அப்படியே திருப்பி எறிவது. அரக்குப் பட்டுக்கு ஏற்ற ஒளி ஜரிகைக்கு மிகை. ஜரிகைக்கு ஏற்றது பட்டுக்குக் குறை. எவ்விடத்தில் ஒளி மிகுந்து உருவம் அழிந்தது என்பதை ஒளிப்பரவல் வரைபடத்தாலோ நிறக் குறியாலோ காட்டும் வசதி வேண்டும். கேமரா தானே சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பை மட்டும் கொள்ளாமல், உணர்வி பெற்றதனைத்தும் அடங்கிய ரா கோப்பையும் சேமித்தல் வேண்டும்.

இவையன்றி யாம் எதிர்பாராத ஓர் இடையூறும் இருந்தது. அவ்வீடுகளில் தறி குழியில் இறக்கிக் கட்டப்பட்டிருக்கும். பக்கத்து அறையில் தறி ஓடினால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் முக்காலி அதிரும். சன்னல் வெளிச்சத்தில் கால் வினாடி திறந்து எடுக்கும் படம் அதனாலேயே கலங்கும். முதல் இரண்டு படங்களில் இதனைக் கணினித் திரையில் கண்டுபிடித்த பின்னர், தறியில் இருந்தவர் தேநீர் அருந்த எழும் வேளை நோக்கி வேலையை அமைத்துக்கொண்டோம். பிணைக்காமல் எடுத்திருந்தால் இதுவும் விடுதிக்கு வந்த பின்னரே தெரிந்திருக்கும்.

இனி மென்பொருள்களைப் பார்ப்போம். முதலில் எண்ணத்தக்கவை கேமராவைச் செய்த நிறுவனத்தாரே தருபவை. கேனானுக்கு ஈ.ஓ.எஸ். யுட்டிலிட்டி, நிக்கானுக்கு என்.எக்ஸ். டெதர், ஃபியூஜிஃபிலிமுக்கு எக்ஸ் அக்வையர் எனத் தனித்தனியே உள. இவை விலையின்றிக் கிடைப்பன. தம் இனத்துக் கேமராவின் உள்ளமைப்பை அறிந்தவையாதலின் வேண்டிய கட்டுப்பாடுகள் பலவற்றையும் இவற்றுட் சில தருகின்றன. பிற இனத்துக் கேமராவோடு ஒரு சொல்லும் பேசா என்பதே இவற்றின் குறை. ஒரே இனத்திற்குள்ளும் எல்லாவற்றையும் ஏற்கும் என நம்பிவிடலாகாது. நிக்கானின் பழைய கருவிகள் பல என்.எக்ஸ். டெதரின் பட்டியலில் இல்லை. தம்மிடமுள்ள கேமராவின் எண்ணை அப்பட்டியலில் தேடிப் பார்த்த பின்னரே ஒருவர் வேறெதனையும் செய்தல் நன்று. எளிய செயலாயினும் பலர் இதனைக் கடைசியிற் செய்கின்றனர். யாமும் அப்படியே செய்தோம்.

அடுத்தவை விலைக்கு உரியவை. டென்மார்க் நாட்டிலிருந்து வரும் கேப்ச்சர் ஒன் இத்துறையில் பெரும்பெயர் பெற்றது. ஒரு வேலைக்குரிய படங்களையும் திருத்தங்களையும் ஓர் அடைவினுள் சேர்த்து வைக்கிறது; ஒரு படத்திற்குச் செய்த திருத்தத்தை அடுத்து வரும் படங்களுக்குத் தானே ஏற்றுகிறது; முன்னெடுத்த படத்தை மெல்லிய நிழல்போல் நேர்காட்சியின்மேல் விரித்து, அடுத்த பகுதியை அதே வரையில் பொருத்த உதவுகிறது. ஒரு நீண்ட கரையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவார்க்கு இக்கடைசி வசதி பெருந்துணை. சோதித்துப் பார்க்கத் தரும் சில நாட்களில் இதனைக் கையாண்டு வியந்தோம். பின்னர் விலையைப் பார்த்து மறுபடியும் வியந்தோம். அடோபி நிறுவனத்தாரின் லைட்ரூம் கிளாசிக் பிணைத்தலோடு திருத்துதலும் பட்டியலிடுதலும் ஒருங்கே செய்வது. அதற்குச் சந்தா கட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். சந்தா நின்றால் படங்கள் அழியா; ஆனால் திருத்தும் பகுதி பூட்டப்படும். காந்தி ரோட்டில் நாள்தோறும் புதுச்சேலைகளைப் படமெடுத்து விற்கும் பெருங்கடைக்கு இச்செலவு ஒரு பொருட்டன்று. மிச்சமாகும் நேரமே அதனை ஈடு செய்துவிடும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் தறி வீட்டுத் திண்ணையில் படமெடுப்பார்க்கு அவ்வாறன்று. கட்டணத்தை நிறுத்த நேரிடும் நாள் வருமென்று முன்னரே தெரிந்தவர், அதனை நம்பி நூறாண்டுக்குரிய பதிவைத் தொடங்குதல் எங்ஙனம்?

மூன்றாவது வகை, மூலக்குறிமுறை யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டவை. விண்டோஸில் இயங்கும் டிஜிகேம்கண்ட்ரோல், லினக்ஸில் இயங்கும் என்டாங்கிள், திருத்தவும் பிணைக்கவும் வல்ல டார்க்டேபிள் ஆகியன இவ்வகைய. பின்னிரண்டும் ஜிஃபோட்டோ2 என்னும் பொது நூலகத்தின்மேல் நிற்பன. அந்நூலகத்தின் பட்டியலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கேமராக்கள் உள என்று கண்டு மகிழ்வோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவற்றில் எடுத்த படத்தை இறக்கிக்கொள்ளலாம் என்பதே பொருள். கணினியிலிருந்து ஏவிப் படமெடுக்கத்தக்கவை அவற்றுள் ஒரு பகுதியே. லினக்ஸில் கேமராவைச் செருகியவுடன் மேசைச்சூழல் அதனை ஒரு சேமிப்புப் பெட்டியாகக் கருதித் தானே பற்றிக்கொள்வதும் உண்டு. அப்பிடியை விடுவித்தாலன்றி மென்பொருளால் கேமராவை அணுக இயலாது. விண்டோஸில் டார்க்டேபிளால் பிணைக்க விரும்புவோர் கேமராவுக்குரிய இயக்கியையே மாற்றி நிறுவ வேண்டும். மாற்றினால் நிறுவனத்தாரின் மென்பொருள் அக்கேமராவைக் காணாமற்போகும். இத்தனையும் கூறினும், கட்டளை வரியிலிருந்து ஜிஃபோட்டோ2-ஐ ஏவி, படம் வந்து விழுந்தவுடன் அதற்குப் பெயரிட்டு அடுக்கி வைக்குமாறு சிறு நிரல் எழுதுவதில் எம்முள் ஒருவர்க்குத் தீராத காதல். இரண்டு இரவுகள் அதில் கழிந்தன. வேலையும் அழகாகவே நடந்தது.

அவ்வாறிருந்தும் அதனை யாம் தெரிந்துகொள்ளவில்லை. என்னை? யாம் இக்கல்லூரியில் இருப்பது இன்னும் சில திங்களே. அதன்பின் இப்பணியைத் தொடர இசைந்தவர் அப்பெரியவரின் பேரன். தொழிற்பயிலகத்தில் முதலாண்டு படிக்கிறார். அவரிடம் உள்ளது விண்டோஸ் இயங்கும் பழைய மடிக்கணினி. கட்டளை வரியில் பிழை நேர்ந்தால் அவர் யாரைக் கேட்பார்? கேமராவை உதவியவர், பேரன் கேட்கும்போதெல்லாம் அதனையே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆதலின் பிணைத்து எடுத்தற்கு ஈ.ஓ.எஸ். யுட்டிலிட்டி, எடுத்ததைப் பின்னர்த் திருத்தி வைத்தற்கு டார்க்டேபிள் என இரண்டாகப் பிரித்தோம். முன்னது நேர்காட்சியில் ஒரு பகுதியைப் பெரிதாக்கி, லென்ஸைச் சிறு சிறு படியாக நகர்த்திக் கூர்மை வைக்க இடந்தருகிறது. கேமரா மாறினால் முன்னதை மட்டும் மாற்றினால் போதும், பின்னது நிற்கும். மேலடுக்கு நிழற்காட்சி இல்லாத குறையைச் சேலையின் கீழ் விரித்த பலகையில் சுண்ணக்கோடு இட்டுச் சரிக்கட்டினோம்.

பெயரிடுதலில்தான் தமிழ் மாணவராகிய எமக்கு நேர்ந்த சோதனை பெரிது. கேமரா தானே இடும் பெயர் வெறும் வரிசையெண். ஆறு திங்கள் கழிந்தபின் அவ்வெண்ணால் ஒருவர்க்கும் ஒன்றும் விளங்காது. படம் எடுக்கும்போதே பெயரின் முற்பகுதியைக் கணினியில் அமைத்துவிட்டால், ஒவ்வொரு படமும் பெயரோடு பிறக்கும். அதில் 'தாழம்பூ' என்று எழுத விரும்பினோம். சில மென்பொருள்கள் தமிழ் எழுத்துள்ள கோப்புப் பெயரைக் கண்டு தடுமாறுகின்றன. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கையிலும் சிதைவு நேரலாம். சரி, ஆங்கில எழுத்தில் எழுதுவோம் என்று துணிந்தால், தாழம்பூவை எம் நால்வரில் மூவர் மூன்று விதமாக எழுதினர். ழகரம் ஒருவர்க்கு ஓரெழுத்து, மற்றொருவர்க்கு ஈரெழுத்து. தேடும்போது ஒன்றில் அகப்படுவது மற்றொன்றில் அகப்படாது. தொல்காப்பியம் பயிலும் மாணாக்கர் ழகரத்துக்கு வழி தெரியாமல் திண்ணையில் வீற்றிருந்த காட்சியைக் கண்டு பேரன் நகைத்தார். அவரே ஒரு வழியும் சொன்னார். தறிக்காரர் பாவுக்கும் சேலைக்கும் எண் இடுவர். எண்ணுக்கு எதிரே மற்றவற்றைக் கணக்கேட்டில் எழுதுவர். அம்முறையே கொண்டோம். சேலைக்கு ஓர் எண், பகுதிக்கு ஓர் எழுத்து, படத்திற்கு ஓர் எண். சேலையின் வரலாறும் உருவங்களின் பெயரும் நிறமும் தமிழில் குறிப்பேட்டில். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே படமெடுத்து அதே அடைவில் வைத்தோம்.

வடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூ.எஸ்.பி. 2 வடத்துக்கு வரம்பு ஐந்து மீட்டர். விரைந்து செல்லும் யூ.எஸ்.பி. 3-க்கு மூன்று மீட்டர் அளவே நம்பத்தக்கது. எம் கேமரா முன்னதைச் சார்ந்தது. ரா கோப்பு ஒவ்வொன்றும் இருபது மெகாபைட்டுக்கு மேற்பட்டதாதலின், படம் திரையில் வர ஓரிரு வினாடி பொறுத்திருக்க வேண்டும். அசையாத சேலைக்கு அது குறையன்று. முதல் நாளிலேயே திண்ணையில் ஓடி விளையாடிய குழந்தையின் காலில் வடம் சிக்கிக் கழன்றது. கேமரா விழவில்லை, தொடர்பு அற்றது. கணினியிலும் கேமராவின் அட்டையிலும் ஒருங்கே சேமிக்குமாறு முன்னரே அமைத்திருந்தமையால் அப்படம் தப்பிற்று. இவ்வமைப்பை எம்மென்பொருளிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். பெரியவர் எழுந்து வந்து, கழிவுப் பட்டிழையை முறுக்கி, வடத்தை முக்காலியின் காலோடு ஒரு முடிச்சிட்டுக் கட்டினார். அதன்பின் அவ்வடம் எத்துணை இழுத்தும் கழன்றதில்லை. கேமரா சில நிமிடங்களில் தானே உறங்கும் வழக்கத்தையும், கணினி மின்சாரத்தை மிச்சம்பிடிக்க யூ.எஸ்.பி. வாயிலை அணைக்கும் வழக்கத்தையும் நிறுத்திவைத்தோம். நேர்காட்சி மின்கலத்தை விரைவில் உண்ணும். இரண்டாவது மின்கலம் இல்லாமல் எடுக்கப் புகுதல் வீண்.

கணினியைத் தறியருகே வைத்த நாளன்று, தறியின் மேலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைகளைப் பேரன் எமக்குக் காட்டினார். ழகார் 1804-இல் அமைத்த முறைப்படி, எவ்விழை எழும் எவ்விழை தாழும் என்பதை அவ்வட்டைகளின் துளைகளே கட்டளையிடுகின்றன. பிற்காலத்துக் கணிப்பொறிகள் துளையட்டையை இத்தறியிலிருந்தே கடன் கொண்டன. மடிக்கணினி அவ்வீட்டுக்கு விருந்தாளியன்று, ஒருவாறு உறவினரே என்றார் எம்முள் ஒருவர்.

நிறத்தைப் பற்றிய வழக்கு எளிதில் முடியவில்லை. அண்டை வீட்டார் கொணர்ந்த சேலை ஒன்றைப் பெருந்திரையில் பார்த்தவுடன் பெரியவர், "இது அரக்கு, தம்பி. நீங்க காட்டறது குங்குமம்" என்றார். கையில் சேலையும் எதிரில் திரையுமாக இருந்தமையால் அவரோடு வாதிக்க இடமில்லை. ஆராய்ந்தபோது, சன்னல் ஒளியோடு மேலே எரிந்த குழல்விளக்கின் ஒளியும் கலந்திருந்தது. விளக்கை அணைத்தோம். சாம்பல் நிற அட்டையைச் சேலையின்மேல் வைத்து ஒரு படம் எடுத்து, அதனை அளவாகக் கொண்டு வெண்மையைத் திருத்தினோம். அப்போது அரக்கு அரக்காயிற்று. பின்னர் வந்தது மயில்கழுத்து. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த அப்பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாயும் பச்சையாயும் மாறுவது. அதற்கு 'உண்மை நிறம்' ஒன்று உண்டென்று எந்த அட்டையும் சொல்லாது. ஒளியின் திசையை மாற்றி இரண்டு படங்கள் எடுத்து இரண்டையும் வைத்துக்கொண்டோம். அன்றியும், மடிக்கணினியின் திரையே நிறத்தைச் சற்று நீலம் பாரித்துக் காட்டுவதாக இருக்கலாம். திரையை அளந்து சீர்செய்யும் கருவி எம்மிடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு சேலையின் முதற்படத்திலும் சாம்பல் அட்டை தெரியுமாறு எடுத்து வைத்தோம். பின்னர் நல்ல திரையுடையவர் திருத்திக்கொள்ள அது வழிவிடும்.

ஏழாம் எண் சேலை, பெரியவரின் தந்தையார் நெய்து அத்தெருவிலேயே மற்றொரு வீட்டார்க்கு விற்றது. அதன் வலப்புறக் கரையைக் கோர்வை தெரிய நெருங்கி எடுத்து, நூறு விழுக்காட்டில் திரையில் நிறுத்தினோம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பின் ஓரிடத்தில் விரலை வைத்தார். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் கோத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இழைகள் கோக்கப்படாமல் விலகி நின்றன. சேலையைக் கையில் வைத்திருந்தும் யாம் அதனைக் கண்டிலோம்.

"இது அப்பா கையில்லை" என்றார். "என் கை. எனக்கு அப்போ பத்து வயசு. வலப்பக்கக் கரைக்கு நாடா தள்ள என்னைத்தான் உட்கார வெச்சிருந்தார். தப்பு பண்ணினேன்னு அவருக்குத் தெரியாது."

சிறிது நேரம் அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பேரனும் வந்து அருகில் நின்றார். பக்கத்து அறைத் தறி மீண்டும் ஓடத் தொடங்கியது. அப்படத்தின் எண் ஏழு, கோர்வை, மூன்று. குறிப்பேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே, அவர் சொன்னதை அவர் சொன்னவாறே எழுதிக்கொண்டோம்.